நாற்பத்தொன்றில் இடது கை

அந்த வீட்டில் வாய்க்கு வேலை குறைவு. அம்மா, தார்ப்பாய் தைக்கும் கூடத்தில் இருபது கனத்த மெஷின்களுக்கு நடுவே பதினைந்து வருஷம் உட்கார்ந்தவள். பக்கத்து ஆளிடம் கத்தரிக்கோல் கேட்கவும் கையைத்தான் ஆட்ட வேண்டும். அப்பா, கட்டட வேலையில் கிரேனுக்குச் சைகை காட்டுபவர். அவர் தரையில் நின்று கையை அசைத்தால்தான் மேலே கேபினில் இருக்கிற ஆள் சுமையைத் தூக்குவார், திருப்புவார், இறக்குவார். கேபினில் இருக்கிற ஆள் வேறு யாருமில்லை, அம்மாவோடு கூடப் பிறந்த தம்பி. கல்யாணம் ஆகாத மனுஷர். மாடி அறையில் படுக்கை, கீழே அக்கா வீட்டில் சாப்பாடு.

இப்படி மூன்று பேரும் இரைச்சலிலேயே பிழைத்தவர்கள் என்பதால் வீட்டுக்குள்ளும் பாதிப் பேச்சு கையில்தான் ஓடும். போதும் என்று சொல்ல அப்பா கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, இப்படியும் அப்படியும் ஆட்டுவார். கிரேன் பாஷையில் அது 'நிறுத்து'. மாமா அதைக் கண்டுகொள்ளாமல் இன்னொரு கரண்டி போடுவார்.

"ஒரு கைய ஆட்டினா சும்மா நிறுத்து. அவசரமா நிறுத்தணும்னா ரெண்டு கையும் ஆட்டணும் அத்தான். ரூல் தெரியாம எப்படி உங்களுக்குக் கார்டு குடுத்தாங்க?"

"உனக்குக் குடுத்தவன்தான் மாப்ள எனக்கும் குடுத்தான். உன்னைப் பாத்துட்டு வந்த களைப்புல என்னைச் சரியாப் பாக்கல."

இடது கை விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், புருவத்தை உயர்த்தினால் 'சாப்பிட்டியா?' என்று அர்த்தம். அந்த வீட்டில் ஒரு நாளைக்கு அதிகம் பேசப்பட்ட வாக்கியம் அதுதான். "சோத்தைப் போய் இடது கையால காட்டுறீங்களே, நல்லாவா இருக்கு?" என்று அம்மா திட்டுவாள். "வலது கை கம்பெனிக்கு, இடது கை வீட்டுக்கு" என்பார் அப்பா.

இந்த வீட்டின் ஒரே மகளுக்குப் பதினெட்டு வயது. பல்கலைக்கழகத்தில் வரலாறு முதல் வருஷம். அவள் வரலாறு எடுத்தபோது அப்பா தன் ஆட்களிடம் அதைச் சொல்லவே கொஞ்சம் கூச்சப்பட்டார். "ஏதோ பெரிய படிப்பு" என்று முடித்துக்கொள்வார். மாமாதான் அவளைப் 'புரொபசர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலிக்குத்தான் ஆரம்பித்தார். போகப் போக அதுவே பெயராகி நின்றுவிட்டது.

இரண்டாம் பருவத்தில் அவளுக்கு ஓர் இணைப்புப் பாடம் வந்தது. கலைப் பிரிவு மாணவர்கள் எல்லாரும் தங்கள் துறையோடு வேறொரு துறையைச் சேர்த்து ஒன்றைப் படித்தே ஆக வேண்டும் என்று விதி. அவளுக்கு விழுந்தது வரலாறும் இசையும்.

"பாட்டும் சரித்திரமும் சேந்து ஒரு பாடமா? என்னதான் சொல்லித் தருவாங்க?" என்றார் அப்பா.

"பழைய பாட்டு" என்றார் மாமா.

சொல்லித் தந்தது அதுவல்ல. முதல் நாளே தாளம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் மேசையை விரலால் தட்டிக்கொண்டே ஒரு வேலை கொடுத்துவிட்டார். இதுவரை எழுத்தே இல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டுக்கு ஸ்வரம் எழுதுவது போல அதற்கு ஓர் எழுத்து உண்டாக்க வேண்டும். அதைப் பார்த்து முன்பின் தெரியாத ஆள் ஒருவர் அப்படியே செய்துகாட்ட வேண்டும். தத்துவம் படிக்கும் பையன் ஒருவன் ரொட்டிக் கடையில் மாவு பிசைவதை எழுதப் போனான். இலக்கியத்துப் பெண் ஒருத்தி, தன் அறைத்தோழி தினமும் கதவைச் சாத்தும் விதங்களை எழுதினாள். சிரிப்பாக இருந்தாலும் அதில் பதினொரு விதம் இருந்தது.

இவளுக்குத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் புதுக் கட்டடம் நூலகத்துக்கு நேர் எதிரே எழும்பிக்கொண்டிருந்தது. நூலகத்தின் இரண்டாம் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் கான்கிரீட் கட்டை ஒன்றின் மேல் அப்பா நிற்பது முழுசாகத் தெரியும். சுமை தொங்காத நேரத்தில் அவரும் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டுவார். அவருக்கு மேலே கொக்கி. அதற்கும் மேலே, கண்ணாடிப் பெட்டிக்குள் எலுமிச்சம்பழ அளவுக்கு மாமாவின் தலை.

தாளை நீளவாக்கில் நான்காகப் பிரித்தாள். முதல் பத்தியில் எண்ணிக்கை. காலால் தரையைத் தட்டிக்கொண்டே எண்ணுவாள், விநாடிக்கு ஒன்று. இரண்டாவதில் கை. மூன்றாவதில் கொக்கி. நான்காவது ஓரம். ஓரம், டீச்சரோடு சேர்ந்து அதே பாடத்தை எடுக்கும் வரலாற்று சாரின் பிடிவாதம். "யார் பாத்தது, எங்கிருந்து பாத்தது, பாத்தவங்களுக்கு இதுல என்ன பங்கு, இதெல்லாம் ஓரத்துல இருக்கணும். வேலைக்குச் சம்பந்தமில்லாதது எது நடந்தாலும் அதுவும் அங்க போகணும். ஓரம் இல்லாத சாட்சி பாதி சாட்சி" என்பார் அவர்.

ஆள்காட்டி விரல் மேலே சுற்றினால் ஒரு சுழி. கீழே சுற்றினால் தலைகீழ்ச் சுழி. நிறுத்து என்றால் ஒரு படுக்கைக் கோடு. ஒரு கம்பிக் கட்டு தரையிலிருந்து ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சேர ஒரு தாள் ஆகும். மூன்று வாரத்தில் பதினாறு தாள் எழுதிவிட்டாள். எழுத எழுதத்தான் அப்பாவின் கை எவ்வளவு சுத்தம் என்று தெரிந்தது. சுமை காற்றில் இருக்கும்போது அந்த வலது கை ஒரு தடவைகூடத் தேவையில்லாமல் அசைவதில்லை. மூக்கு அரித்தால்கூடச் சொறிவதில்லை. பதினாறு தாளிலும் ஓரம் ஏறக்குறைய வெறுமையாகவே கிடந்தது.

பதினேழாவது தாள் ஒரு செவ்வாய்க்கிழமை.

காலை பதினொன்றரை மணி, மங்கிய வெயில், காற்று அதிகமில்லை. கம்பிக் கட்டு ஒன்று நான்காம் மாடி உயரத்தில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அது போய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. கட்டின் வால் சாரத்தில் இடித்தது. பலகை மூன்று உடைந்து கீழே போனது. சாரத்தில் நின்ற கொத்தனார் இருவரில் ஒருவர் உள்பக்கம் பாய்ந்துவிட்டார். இன்னொருவருக்குப் பாய்ந்த வேகத்தில் மணிக்கட்டு முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்கள். 

திங்கட்கிழமை விசாரணை, அதுவரை வேலை நடக்கட்டும் என்றார் பாதுகாப்பு அதிகாரி. கறாரான பெண்மணி. "சைகை தப்பா, கிரேன் ஓட்டினது தப்பா, அது எனக்குத் தெரியணும். யார்னு தெரியலன்னா ரெண்டு பேர் கார்டையும் வாங்கி வெச்சுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கார்டு இல்லாதவன் கிரேன் பக்கம் போக முடியாது.

"நான் நிறுத்துன்னு காட்டினேன்" என்றார் அப்பா.

"காட்டின அந்த நிமிஷமே நான் நிறுத்தினேன்" என்றார் மாமா.

"காட்டினதுக்கு அப்புறம் திரும்புச்சு மாப்ள."

"அப்ப நான் தூங்கிட்டிருந்தேன்னு சொல்றீங்க."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்றீங்க அத்தான்? பதினாலு வருஷம் உங்க கையைப் பாத்துத்தான் நான் லீவரைத் தொட்டிருக்கேன். கைதானே எனக்குக் கண்ணு?"

மாமா அன்றிலிருந்து கீழே சாப்பிட வரவில்லை. அம்மா அவர் தட்டில் எடுத்து வைத்து மூடி, மாடிப்படியில் வைத்துவிட்டு வருவாள். சாப்பிட்ட தட்டு கழுவித் திரும்பி அதே படிக்கு வரும். ஆள் வராது. அம்மாவுக்கு ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டிலிருந்த பழைய தார்ப்பாயை எல்லாம் எடுத்துப் போட்டு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். கிழியாத இடத்திலும் ஒட்டு விழுந்தது.

இருவரும் சொன்னது உண்மை. இருவருக்குமே தெரியாத ஒன்று மகளிடம் ஒரு தாளாக இருந்தது. பாடநூலுக்கும் அட்டைக்கும் நடுவே அதைச் செருகி வைத்திருந்தாள். 

வெள்ளிக்கிழமை வகுப்பில் செய்துகாட்டும் நாள். மாவு பிசையும் பையன் அவளுடைய தாளைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றான். கிரேனை வாழ்நாளில் கிட்டப் பார்த்தவனில்லை. டீச்சர் மேசையில் எண்ணிக்கை தட்ட, அவன் கை எழுந்தது, சுழன்றது, நின்றது. மூன்றாவது தாளில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாவின் கை இன்னொருத்தன் தோளிலிருந்து தொங்குகிற மாதிரி இருந்தது. வகுப்பே மேசையைத் தட்டிப் பாராட்டியது. கதவுச் சாத்தல் எழுதிய பெண், "எங்க ரூம்மேட்டை விட உங்க அப்பா ரொம்ப அமைதியான ஆளு" என்றாள்.

டீச்சர் தாள்களை அடுக்கினார். "பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு வந்திருக்கே. பதினேழு எங்கே?"

"தொலைஞ்சு போச்சு மேடம்."

"தொலைஞ்சிருந்தா பதினெட்டைப் பதினேழுன்னு போட்டிருப்பே. இடம் விட்டு வெச்சிருக்கே."

 எல்லாரும் போன பிறகு, அவள் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டாள். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் பாதியில் அழுதாள். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். 

"எனக்குத் தாளம் தெரியும். வீட்டு விஷயம் தெரியாது" என்றார் கடைசியில். "இருக்கிற தாளுக்கு மார்க் போட்டுடறேன். நல்ல மார்க்தான். மத்தது நீ பாத்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே தூறல். மாமா துவைத்த சட்டையை வீட்டுக்குள் கட்டிய கொடியிலிருந்து எடுக்கக் கீழே இறங்கி வந்தார். மறுநாள் விசாரணைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டை. அப்பா சாப்பாட்டு மேசையில் இருந்தார். மாமா அவரைப் பார்க்காமலே கடந்து போனார்.

"டேய் தம்பி, ஒரு வாய் சாப்டுட்டுப் போடா" என்றாள் அம்மா.

"பசிக்கல அக்கா."

"பசிக்காம எப்படி இருக்கும்? வயித்துக்கும் அத்தானோட சண்டையா?"

"சண்டை என்ன சண்டை. நாளைக்கு ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்ல உக்காரப் போறோம். இல்லன்னா ரெண்டு பேரும் உக்காரப் போறோம். அப்ப நிதானமா சேந்து சாப்டலாம்."

"என்னால உக்காந்தேன்னு வேணா ஊரெல்லாம் சொல்லு" என்றார் அப்பா.

"நான் எதுக்குச் சொல்லணும்? நீங்கதான் சொல்லிட்டு வரீங்களே, மாப்ள தூங்கிட்டான்னு."

"மறுபடி மறுபடி அதையே..."

அப்போதுதான் மகள் அந்தத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தாள் நேராக விழவில்லை. தண்ணீர்க் குவளையில் சாய்ந்து நின்றது.

"அன்னைக்கு நான் ஜன்னல்ல இருந்தேன்" என்றாள். 

அப்பா தாளை எடுத்தார். அதை எப்படிப் படிப்பது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுழியைப் பார்த்ததும் விரல் தானாகச் சுற்றியது. மாமா கொடிப் பக்கமே நின்று எட்டிப் பார்த்தார். பிறகு கிட்ட வந்தார். பிறகு சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்தார்.

"இந்த நம்பர் என்ன புரொபசர்?"

"விநாடி மாமா. ஒண்ணு ஒண்ணா."

மாமா ஒரு கரண்டியை எடுத்தார். வெறும் தட்டின் விளிம்பில் தட்டத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. "செய்யுங்க அத்தான். பாப்போம்."

அப்பா எழுந்து நின்றார். தாளை மேசையில் விரித்து வைத்து, கான்கிரீட் கட்டை மேல் நிற்கிற மாதிரியே கால்களை அகட்டிக்கொண்டார். கரண்டிச் சத்தத்துக்குக் கை எழுந்தது. மேலே. மேலே. மெதுவாக. திருப்பு. மாமாவின் இடது கை, இல்லாத ஒரு லீவரைப் பிடித்திருந்தது. அம்மா ஊசியைத் தார்ப்பாயில் குத்தி நிறுத்திவிட்டுப் பார்த்தாள். முப்பது. முப்பத்தைந்து. திருப்பு, இன்னும் திருப்பு. நாற்பது.

நாற்பத்தொன்றில் அப்பா தாளைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு முன்பே அவருடைய இடது கை விரல் குவிந்து வாயருகே போய்விட்டது.

கரண்டி மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கில் மாமா தட்டுவதை நிறுத்தினார்.

அப்பாவின் கை வாயருகேயே நின்றது. அதைத் தன் கை இல்லை என்பது போலப் பார்த்தார். பிறகு குனிந்து தாளின் ஓரத்தையும் கடைசி வரிகளையும் வாசித்தார். மெதுவாக, எழுத்துக் கூட்டி, உரக்க.

"பாத்தது: சைகை காட்டுபவரின் மகள், கிரேன் ஓட்டுபவரின் அக்கா மகள். காத்து இல்லை. நாப்பத்தொண்ணு: இடது கை, ஜன்னலை நோக்கி, சாப்பிட்டியா. நாப்பத்திரண்டு: ஜன்னல்லேர்ந்து பதில், இன்னும் இல்லை. நாப்பத்து மூணு: சுமை சாரத்தில் இடித்தது. நாப்பத்து நாலு: வலது கை, நிறுத்து. நாப்பத்தஞ்சு: கொக்கி நின்றது."

தூறல் கூரையில் கேட்டது.

"நான் பதில் சொல்லாம இருந்திருந்தா நீங்க ஒரு விநாடி முன்னாடியே திரும்பியிருப்பீங்கப்பா" என்றாள் மகள். இப்போது அழுகை நிற்காமல் வந்தது. "அதைக் கிழிச்சுப் போடலாம்னு அஞ்சு நாளா நினைச்சேன். முடியல."

மாமா தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். "கிழிச்சுடலாம்" என்றார். "அத்தான், நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லுவோம். காத்து அடிச்சுதுன்னு சொல்லுவோம். யாருக்குத் தெரியப் போகுது? எப்படி நடந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாச்சு, எனக்கு அது போதும்."

"காத்து இல்லன்னு ஓரத்துல எழுதியிருக்கா" என்றார் அப்பா.

"அதான் கிழிக்கலாங்கிறேன்."

அப்பா தாளின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார். இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிறகு இன்னொரு கையையும் சேர்த்து ஆட்டினார்.

"அவசரமா நிறுத்தணும்னா ரெண்டு கை. ரூல் தெரியுமில்ல மாப்ள?"

மாமா தாளை விட்டுவிட்டார்.

அப்பா உட்கார்ந்தார். நாற்பத்திரண்டாம் வரியில் விரலை வைத்தார். "இதைப் பாருடி" என்று அம்மாவைக் கூப்பிட்டார். "என் கையை மட்டும் எழுதிட்டு விட்டிருக்கலாம். யார் கேக்கப் போறாங்க? தன் கையையும் எழுதியிருக்கா பாரு."

அம்மா வந்து பார்த்தாள். அவளுக்கு அந்தச் சுழிகள் புரிந்ததோ இல்லையோ, மகளின் தலையில் கையை வைத்தாள். "அதுக்குத்தான் சொன்னேன், இடது கையால சோத்தைக் காட்டாதீங்கன்னு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கும் வந்தது. சிரித்த மூச்சு அடங்கிய பிறகு மாமா தட்டை முன்னால் நகர்த்தினார்.

"போடுக்கா. பசிக்குது."

திங்கட்கிழமை விசாரணைக்கு அப்பா மகளையும் கூட்டிக்கொண்டு போனார். தாளை அதிகாரியின் முன்னால் வைத்தார். "இதுல இருக்கிறதுதாங்க நடந்துச்சு. தப்பு என்னோடது. சுமை மேல இருக்கும்போது நான் கண்ணை எடுத்தேன். ஓட்டினவர் மேல ஒண்ணும் இல்ல."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓரத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். முதல் வரியிலேயே நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"நீதான் எழுதினியா? இவரோட பொண்ணுன்னு நீயே எழுதி வெச்சிருக்கியே. அப்ப இதை நான் எப்படி நம்பறது?"

மகள் தாளின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். "அது தெரியாம நீங்க நம்பிடக் கூடாதுன்னுதான் மேடம் எழுதினேன்."

அதிகாரி எழுந்து போய், சாரத்தில் நின்ற இரண்டு கொத்தனார்களையும் உள்ளே கூப்பிட்டார். ஒருவர் கையில் கட்டு. கொக்கி எங்கே இருந்தது என்று தாளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே எண்ணிக்கையைத் தன் பேனாவால் தானே தட்டினார். பாய்ந்தது எந்த எண்ணிக்கையில், சத்தம் கேட்டது எந்த எண்ணிக்கையில் என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டார். இருவரும் நாற்பத்து மூன்றில் கையைத் தூக்கினார்கள்.

"என்ன படிக்கிறே? இன்ஜினியரிங்கா?"

"வரலாறு மேடம். கூட இசை."

"வரலாறா" என்றார் அதிகாரி. "எங்க ஆளுங்க எழுதித் தர்ற ரிப்போர்ட்ல நேரமே இருக்காது. அப்புறம் கொஞ்ச நேரத்துல, உடனே, திடீர்னு, இப்படித்தான் இருக்கும்." தாளை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "இதே மாதிரி கோடு மட்டும் போட்ட வெறுந்தாள் பத்து எனக்குத் தருவியா?"

மாமாவின் கார்டு மாமாவிடமே இருந்தது. அப்பாவின் கார்டு நான்கு மாதத்துக்குப் போனது. அதுவரை கயிறு ஸ்டோரில் வேலை. கம்பிக்கயிறுகளை விரித்து, இழை விட்டிருக்கிறதா என்று விரல் விரலாகத் தடவிப் பார்க்கிற வேலை. போன முதல் நாளில் அங்கிருந்தவர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர் அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை.

"என்னைப் புடிச்சுக் குடுத்தது யார் தெரியுமா?" என்று கேட்பார்.

"யாருண்ணே?"

"என் பொண்ணு." கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். "வரலாறு படிக்கிறா. கூடவே தாளமும். விநாடி விநாடியா எழுதி வெச்சிருக்கா. நாப்பத்தொண்ணாவது விநாடியில நான் பண்ணினது எனக்கே தெரியாது, அவகிட்ட இருக்கு. தப்பிக்கவே முடியாது." வந்தவர் போனவர் எல்லாருக்கும் சொன்னார். சிமெண்டு இறக்க வந்த லாரி டிரைவருக்கும் சொன்னார். தப்பில் பிடிபட்டவன் தன்னைப் பிடித்தவரைப் பற்றி இவ்வளவு பெருமையாகப் பேசி அந்த டிரைவர் கேட்டதேயில்லை.

வீட்டில் மாமாவுக்குத்தான் ஆதங்கம். "புதுசா ஒருத்தன் நிக்கிறான் அத்தான். கையை ஆட்டுறானா, கொசு ஓட்டுறானான்னே புரியல. நாலு மாசத்தை மூணாக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்களேன்."

"ரூல்னா ரூல் மாப்ள."

நான்கு மாதம் கழிந்து அப்பா கட்டைமேல் ஏறிய அன்று, மகள் நூலக ஜன்னலில் இருந்தாள். வகுப்புக்காக இல்லை, அந்தப் பாடம் எப்போதோ முடிந்துவிட்டது. இருந்தாலும் கோடு போட்ட தாள் ஒன்று முன்னால் இருந்தது. எண் போட்டிருந்தாள்: பத்தொன்பது. பயம் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. ஜன்னலை விட்டு நகர்ந்து உட்காரலாமா என்று இரண்டு தடவை யோசித்து, நகராமலே உட்கார்ந்தாள்.

கம்பிக் கட்டு எழுந்தது. காலால் தரையைத் தட்டினாள். இருபது. நாற்பது. நாற்பத்தொன்று. அப்பாவின் கண் கட்டின் மேலேயே இருந்தது. ஜன்னல் இருக்கிற பக்கமே அவருக்கு உலகத்தில் இல்லாத மாதிரி நின்றார். அறுபது. எண்பது. நூறு. புதுச் சாரத்தைத் தாண்டி, ஐந்தாம் மாடித் தளத்தில் கட்டு பூப்போல உட்கார்ந்தது. நூற்றுப் பன்னிரண்டு. ஓரத்தில் தன் உறவுமுறையை எழுதிய முதல் வரிக்குக் கீழே ஒரு புள்ளிகூட இல்லை. அந்த வெறுமையை அவள் உள்ளங்கையால் ஒரு தடவை தடவிக்கொடுத்தாள்.

மேலே கயிற்றைக் கழற்றினார்கள். கொக்கி காலியாக மேலே ஏறி, தன் இடத்துக்குப் போய் நின்றது. அப்பா வலது கையைக் கீழே போட்டார். பிறகுதான் திரும்பினார். இடது கை விரல் குவிந்து வாயருகே போனது.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. முதலில் கொக்கியைப் பார்த்தாள். கீழே ஒன்றும் தொங்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் மாமா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார், லீவரில் கையில்லை என்று.

அதற்குப் பிறகுதான் அவள் கையை உயர்த்தினாள். இன்னும் இல்லை, வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்.